அக்காவின் தலைக்குள் இருக்கும் காவல்காரர்கள்

என் அக்கா தேசம்மாளுக்கு முதலில் மறந்தது தெலுங்கு.

எங்கள் ஊர் பாலசமுத்திரம் பக்கம். வீட்டில் தமிழ் பேசுவோம், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. அக்கா புத்தூர் சந்தையில் பல வருஷம் புளி விற்றவள். தெலுங்கில் பேரம் பேச உட்கார்ந்தால் அவளிடம் யாரும் ஒரு ரூபாய் குறைக்க முடியாது. அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு வியாபாரத்தை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருக்கிறாள். அவளுக்கு அறுபத்தாறு வயது. எனக்கு ஐம்பத்திரண்டு.

போன மாங்காய் சீசனில் லோடு எடுக்க வந்த லாரிக்காரன் அவளிடம் தெலுங்கில் ஏதோ கேட்டான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தமிழில் "போய் உள்ள கேளு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பால்காரரிடமும் அப்படித்தான். என் மனைவி லட்சுமி சொன்னாள்: "உங்க அக்காவுக்குக் கொழுப்புங்க. பால்காரன் பேசுனா மூஞ்ச திருப்பிக்கினு போவுது. இன்னா சண்டையோ."

நாங்கள் எல்லோரும் சண்டை என்றுதான் நினைத்தோம். வீட்டில் தமிழில் நன்றாகப் பேசினாள், எங்களைத் திட்டினாள், சிரித்தாள். அதனால் வேறு எதுவும் தோன்றவில்லை. ஒரு நாள் கடைக்குப் போனவள், நாலு தெரு உள்ள எங்கள் ஊரில் வழி தெரியாமல் பள்ளிக்கூடத்துப் பக்கம் நின்றிருந்தாள். அப்போதுதான் பயம் வந்தது.

இப்போது ஊரில் பார்ப்பவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள், உன் அக்காவுக்கு என்ன, பைத்தியமா, செய்வினையா என்று. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் எழுத்து என்னோடு தங்கிவிட்டது. அக்கா உள்ளே தூங்குகிறாள். மாட்டு வேலையும் முடிந்தது. எனக்குப் புரிந்ததைப் புரிந்த அளவில் எழுதி வைக்கிறேன். வேறு வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம்.

முதலில் சித்தூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் அக்காவை உட்காரவைத்துத் தெலுங்கில் கேள்வி கேட்டார். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு. அக்கா ஒவ்வொரு கேள்விக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தமிழில் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய டாக்டர், அவரிடம் போய் எப்படிச் சொல்வது? லட்சுமிதான் சொன்னாள். அவரும் தெரிந்த தமிழில் மறுபடி கேட்டார். கிழமை சரியாகச் சொன்னாள். மாதம் தப்பு. மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். ஒன்றுதான் வந்தது.

"கணக்கு?" என்றார்.

"எவ்ளோ போனா இன்னா சார், மிச்சம் எனக்குத்தானே?" என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் குறித்துக்கொண்டார். தைராய்டு சரியில்லை என்றாலும், பி12 என்கிற வைட்டமின் குறைந்தாலும் மறதி வரும், அதையெல்லாம் மருந்தில் சரி செய்யலாம், முதலில் ரத்தம் கொடுங்கள் என்றார். ரிசல்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. ஏதாவது ஒன்று குறைவாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு ஒரு மனுஷன் ரிசல்ட் வாங்குவான் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

அங்கிருந்து திருப்பதிக்கு எழுதிக் கொடுத்தார்கள். திருப்பதி ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தில் பாதிப் பேர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி உட்கார்ந்திருப்பார்கள். திருமலைக்குப் போய்விட்டு அப்படியே ஸ்கேனுக்கு வந்தவர்கள். மீதிப் பேர் ஸ்கேன் முடிந்து மலைக்குப் போகிறவர்கள். அக்காவை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்கவைத்தார்கள். அது உடம்பைக் காந்தத்தால் படம் எடுக்கிற மெஷின். வலி கிடையாது, சத்தம்தான் அதிகம். வெளியே வந்ததும் அக்கா என்னிடம் கேட்டாள்: "உள்ள யாருடா போர் போடுறாங்க? தண்ணி வந்துச்சா?"

படங்களைப் பார்த்துவிட்டு எங்களிடம் பேசியது ஓர் இளம் டாக்டரம்மா. அவர் அம்மா திருத்தணிப் பக்கமாம், தமிழ் நன்றாகப் பேசினார். இது அல்சைமர் என்கிற நோய் என்றார். மூளையில் உள்ள நரம்பு அணுக்களுக்கு நடுவில் அமிலாய்டு என்கிற ஒரு புரதம் கசடு மாதிரிக் கட்டிக்கொள்கிறது. அணுக்களுக்கு உள்ளேயும் வேறொரு புரதம் முறுக்கிக்கொள்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அணுக்கள் செத்துப்போகின்றன. கடைசியாகக் கற்றது பல பேருக்கு முதலில் போகும். சின்ன வயதில் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத அக்கா, கல்யாணமாகிச் சந்தைக்குப் போன பிறகுதான் தெலுங்கு கற்றாள். மாத்திரை இருக்கிறது, கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், குணமாக்காது. இவ்வளவையும் அவர் மெதுவாகச் சொன்னார்.

நாங்கள் எழுந்து வெளியே வந்துவிட்டோம். நடையில் நான் நின்றேன்.

"இன்னாங்க?" என்றாள் லட்சுமி.

"கசடுன்னு சொன்னாங்களே. அது எல்லாருக்கும் தெனமும் சேருமா? சேர்ந்தா அதை யாரு கூட்டுறது?"

"என்னைக் கேட்டா? உள்ள கேக்க வேண்டியதுதானே. வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

என் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "டாக்டரம்மா, இவரு ஒண்ணு கேக்கணுமாம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "கூட்டுறதுக்கு ஆளு உண்டு," என்றார். "மைக்ரோகிளியான்னு பேரு. மூளைக்குள்ளயே குடியிருக்கிற அணுக்கள். உடம்புல மத்த எடத்துல கிருமி வந்தா ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள் போய்ச் சண்டை போடும். மூளைக்கு இவங்கதான் காவல். சும்மா இருக்கறப்போ கை நீட்டி நீட்டி அக்கம் பக்கம் தடவிப் பார்த்துக்கினே இருப்பாங்க. கசடு இருந்தா முழுங்குவாங்க. செத்த அணுவை எடுப்பாங்க."

"அப்போ இவளுக்கு ஏன் கூட்டல?"

"அதைத்தான் உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறாங்க," என்று சிரித்தார். வெளியே கூட்டம் இருந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

அதிலிருந்து எனக்கு அந்த நினைப்புதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அக்காவின் தலையைப் பார்ப்பேன். நரைத்த, எண்ணெய் வைத்துச் சீவிய சாதாரணத் தலை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் கை நீட்டித் தடவிக்கொண்டிருக்கிறார்கள். என் தலைக்குள்ளும்தான். இத்தனை வயது வரை எனக்குள் இப்படி ஒரு கூட்டம் வேலை செய்வது தெரியாமலே இருந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடி காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பயணத்தில்தான் எல்லாம் கெட்டது. பஸ்ஸில் அக்கா ஒன்றும் பேசாமல் சாய்ந்தே வந்தாள். தொட்டுப் பார்த்தால் கொதித்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருடா நீ? என் புளி மூட்டைய எங்கடா வெச்ச? திருட்டு நாயே!"

எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் என்னைத் தம்பி என்று கூப்பிட்டுத் தலையில் குட்டியவள் அவள். ஒரு நோய் இவ்வளவு வேகமாக நடக்குமா என்று திகைத்துப்போனேன்.

வார்டில் சேர்த்தார்கள். கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினால் பிடுங்கினாள். கையைக் கட்டிலோடு துணியால் கட்டலாமா என்று சிஸ்டர் கேட்டார். லட்சுமி வேண்டாம் என்றாள். கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் எழுந்தால் நான். எங்கள் கைகளில் அக்காவின் நகக் கீறல் இன்னும் இருக்கிறது.

நீர்ப் பரிசோதனை செய்தார்கள். சிறுநீர்ப் பாதையில் கிருமி, காய்ச்சல் அதனால்தான் என்று தெரிந்தது. சிஸ்டர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பாங்க?"

லட்சுமி யோசித்தாள். "வீட்லயே இப்போல்லாம் ஞாபகப்படுத்தணும் சிஸ்டர். பஸ்ல வர்றதுன்னா முந்தின நாள் சாயங்காலத்திலேர்ந்தே ஒரு சொட்டு குடிக்காது."

"ஏன்?"

"ஏன்னா? வழியில எங்க எறங்குறது? நாங்கல்லாம் அப்படித்தான். நானும் குடிக்கல."

நான் லட்சுமியைப் பார்த்தேன். எனக்கு இது புதுச் செய்தி. அக்கா சந்தை முடிந்து எங்கள் வீட்டுக்கு வரும் நாளில் பையைக்கூடக் கீழே வைக்காமல், நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீரையும் கடகடவென்று குடிப்பாள். வெயிலில் வந்த தாகம் என்று நினைப்பேன். சந்தையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பொழுது விடிந்ததிலிருந்து வீடு திரும்பும் வரை நாக்கை நனைக்காமல் இருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. மலையில் தரிசன வரிசைக்குப் போகிற பெண்களும் அப்படித்தானாம். அக்கா ஊர்ப் பெயரை மறந்தாள், மாதத்தை மறந்தாள். ஆனால் வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

ஆனால் இன்னொன்று எனக்குப் புரியவில்லை. கிருமி இருப்பது வயிற்றுக்குக் கீழே. தலை ஏன் கெட வேண்டும்? டாக்டரம்மா வார்டுக்கு வந்தபோது, இந்தத் தடவை லட்சுமி தள்ளாமலே கேட்டுவிட்டேன். தரையைப் பார்த்துத்தான் கேட்டேன். ஆனால் கேட்டேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். உடம்பில் எங்கே கிருமி வந்தாலும் ரத்தத்தில் ஒரு சேதி பரவும். அந்தச் சேதி மூளையின் காவல் அணுக்களுக்கும் போகும். நல்ல மூளையில் அவை கொஞ்ச நேரம் உஷாராகி, பிறகு அடங்கிவிடும். அதனால்தான் காய்ச்சலில் நமக்கெல்லாம் தலை மந்தமாக இருந்துவிட்டுத் தெளிகிறது. அல்சைமர் உள்ள மூளையிலோ அவை ஏற்கெனவே கசடோடு மல்லுக்கட்டிச் சோர்ந்து, எரிச்சலில் இருக்கின்றன. புதுச் சேதி வந்ததும் தேவைக்கு மேல் கொதித்தெழுகின்றன. அவை கக்கும் பொருள்கள் நல்ல நரம்புகளையும் தாக்குகின்றன. மனசு திடீரென்று குழம்பிப்போகிறது. அக்காவுக்கு இப்போது இரண்டு உபாதைகள். ஒன்று மெதுவாக நடக்கிற பழைய நோய். இன்னொன்று கிருமியால் வந்த புதுக் குழப்பம். புதுசு போகலாம். பழசு போகாது.

நான் யோசித்தேன். எங்கள் பக்கம் கரும்புத் தோட்டத்தில் காட்டுப் பன்றி இறங்கும். காவலுக்குப் போகிறவர்கள் வரப்பில் நெருப்பு மூட்டிவைப்பார்கள். காற்று திரும்பிவிட்டால் பன்றி ஓடிப்போகும், கரும்பு எரியும்.

அதைச் சொல்லிவிட்டு, "அது மாதிரியா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"பாதி அது மாதிரி," என்றார்.

"அப்போ அந்தக் காவல்காரங்களையே மருந்து போட்டு அழிச்சிடலாமே?" எனக்கு அவர்கள்மேல் அவ்வளவு கோபம்.

"நீங்க சொன்னது பாதின்னு அதனாலதான் சொன்னேன்," என்றார் அவர். "அவங்க நெருப்பு மட்டும் மூட்டல. கசடு உருண்டையச் சுத்தி நெருக்கமா நின்னு வேலி கட்டுறாங்க, பக்கத்து நரம்புல அது படாம. இன்னொண்ணு. நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்போ உங்க மூளையில தேவைக்கு மேல இணைப்பு இருந்துச்சு. அதுல வேண்டாததைக் கழிச்சு உங்க மூளைய ஒழுங்கு பண்ணதும் இவங்கதான். இந்த நோயில அதே கழிக்கிற வேலைய, வேண்டிய இணைப்பு மேலயும் செய்றாங்கன்னு சொல்றாங்க. எல்லாரையும் அழிச்சிட்டா கூட்டுறது யாரு? நீங்கதானே அன்னைக்குக் கேட்டீங்க."

"அப்போ எப்போ அவங்களைத் தட்டிக் கொடுக்கணும், எப்போ அடக்கணும்?"

"தெரியல," என்றார். "நோய் ஆரம்பத்துல உதவி பண்ணி, பின்னாடி அடக்கணுமோன்னு ஒரு பேச்சு இருக்கு. கசடைக் கரைக்க வெளிநாட்டுல ஊசி வந்திருக்கு. அதுவும் இந்தக் காவல்காரங்களை உசுப்பித்தான் பாதி வேலை செய்யுது. எல்லாருக்கும் பொருந்தாது, இவங்களுக்கு இப்போ சரிப்படாது. முடிவா யாருக்கும் தெரியல."

ஒரு டாக்டர் தெரியல என்று சொன்னது எனக்குப் பயமாக இல்லை. அன்று முழுவதும் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த அணுக்களுக்கு நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது. கூட்டுகிறார்கள், வேலி கட்டுகிறார்கள், களைத்துப்போகிறார்கள்.

அக்காவின் மகன் சேகர் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். லீவு போட்டுக்கொண்டு வந்தான். அவனைப் பார்த்து அக்கா, "கண்டக்டர், இந்த பஸ்ஸு எப்போ கெளம்பும்?" என்று கேட்டாள். அவன் போய் ஒரு நகவெட்டி வாங்கிவந்து, அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு நகமாக வெட்டினான். பிறகு என்னை நடைக்குக் கூப்பிட்டான்.

"மாமா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. இங்க திருப்பதியிலயே ஒரு ஹோம் கீது. போய்ப் பார்த்துட்டுதான் வர்றேன். சுத்தமா கீது, நர்ஸு கீறாங்க. அம்மாவ அங்க சேர்த்துடலாம். உன்னால ஆவாது. அத்தைக்கும் வயசாவுது."

பின்னாலேயே வந்த லட்சுமிக்கு அது கேட்டுவிட்டது. "யாருக்குடா வயசாவுது? ரெண்டு மாடு, ஒரு புருஷன், ஒரு நாத்தனாரு, நாலையும் நான்தான் மேய்க்கிறேன். பெரிசா பேச வந்துட்டான்."

"சிரிப்புக்கு இல்ல அத்த. நாளைக்கு கொல்லைப் பக்கம் போய்க் கெணத்துல விழுந்தா?"

சேகர் கெட்டவன் இல்லை. பயந்திருந்தான். அம்மாவுக்கு வந்தது நமக்கும் வருமா என்று டாக்டரம்மாவிடம் அவன் தனியாகக் கேட்டது எனக்குத் தெரியும். வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் வந்தே தீரும் என்றில்லை என்று சொன்னாராம். காவல் அணுக்கள் சுறுசுறுப்பாக இருப்பதும் மந்தமாக இருப்பதும் ஓரளவு பிறப்பிலேயே வருவதாம்.

எனக்கு அக்காவை விட மனசில்லை. என் வீட்டுச் சத்தத்தில் பாதி அவளுடையது. டாக்டரம்மாவிடம் மூன்று பேரும் போனோம். "இந்த வாரம் எந்த முடிவும் எடுக்காதீங்க," என்றார் அவர். "உங்க மாமா சொன்ன கரும்புத் தோட்டம்தான். நெருப்பு அணைஞ்சாலும் புகை அடங்க நாளாவும்."

சேகர் கொஞ்சம் இறங்கி வந்தான். "சரி மாமா. வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு அம்மாவுக்கு, தான் எங்க கீறோம்னு தெரியணும். அது போதும் எனக்கு. தெரியலன்னா ஹோம்தான். சரியா?"

சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

கிருமிக்கு மருந்து ஏறியது. காய்ச்சல் இறங்கியது. ஆனால் குழப்பம் இறங்கவில்லை. அவளுக்கு அந்த வார்டு பஸ் ஸ்டாண்டு. கட்டில்களெல்லாம் பெஞ்சுகள். பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் "நீங்க எந்த ஊருக்கு?" என்று கேட்பாள். அதனால் வந்த பெரிய கஷ்டம், தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றாள். நிறையக் குடித்தால்தான் கிருமி போகும் என்று சொல்லியிருந்தார்கள். டம்ளரை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள்.

"பஸ்ஸு வர்ற நேரம்டா. வேணாம். வழியில வந்துச்சின்னா எங்க போறது?"

சிஸ்டர் கெஞ்சினார். லட்சுமி அதட்டினாள். இது ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு இல்லை என்று சேகர் மறுபடி மறுபடி எடுத்துச் சொன்னான். அவள் அவனை, ஊருக்குப் புதுசாக வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

நான் அவள் பக்கத்தில் கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி வாசலை எட்டிப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "அக்கா, பஸ்ஸு கேன்சலாம்."

"யாரு சொன்னது?"

"இப்போதான் மைக்ல சொன்னாங்க. இனிமே சாயங்காலம்தானாம்."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "இவனுங்களுக்கு இதே வேலை." டம்ளரை வாங்கி முழுவதும் குடித்தாள். இன்னொன்று கேட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் நான் ஒரு பஸ்ஸை நிறுத்தினேன். சித்தூர் பஸ் டயர் பஞ்சர். புத்தூர் பஸ்ஸுக்கு டிரைவர் வரவில்லை. காளஹஸ்தி பஸ் நிரம்பிவிட்டது. சிஸ்டர்கள்கூட, "ஈரோஜு ஏ பஸ்ஸு?" என்று, இன்றைக்கு எந்த பஸ் என்று, என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் என்னை யாராவது தேடிவந்து பேசினார்கள் என்றால் அது அதனால்தான். சேகர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அம்மாவுக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டும். நானோ அவள் இருப்பது பஸ் ஸ்டாண்டுதான் என்று நாளெல்லாம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். இப்படிச் செய்வதால் அவள் தெளிவது தள்ளிப்போகுமோ என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "தண்ணி உள்ள போவுதில்ல? அது போதும் இப்போதைக்கு," என்றார்.

வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன நாள் வந்தது. அதுவரை மாட்டைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இனி முடியாது என்று லட்சுமி முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாள். சேகர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். அவன் கையில் போன் இருந்தது. ஹோம்காரர்களின் நம்பரை எடுத்து வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

காலைத் தண்ணீருக்கு நேரமாகிவிட்டது. பழக்கத்தில் நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, சித்தூர் பஸ்ஸு பிரேக்டவுனாம். வழியிலயே நின்னுடுச்சாம். தண்ணி குடி."

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். டிரிப் கம்பியைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். பிறகு சேகரைப் பார்த்தாள்.

"டேய் சேகரு, உங்க மாமனுக்கு இன்னாடா ஆச்சி? ஆஸ்பத்திரிக்குள்ள பஸ்ஸு பஸ்ஸுன்னு ஒளறினு கீறான். டாக்டராண்ட ஒரு தடவ காட்டுடா இவனை."

நான் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். சேகர் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அக்கா என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கிக் குடித்தாள். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு அவனிடம் கேட்டாள்: "தனியாவா வந்த? உங்கப்பா வரலியா?"

அவன் அப்பா போய்ப் பல வருஷமாகிறது.

"வரலம்மா," என்றான் சேகர்.

டாக்டரம்மா சொன்ன இரண்டையும் ஒரே டம்ளர் தண்ணீரில் பார்த்துவிட்டேன். புகை அடங்கியிருந்தது. கசடு அங்கேயே இருந்தது. சேகர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "கூட்டினு போ மாமா," என்றான். "கெணத்துக்கு மட்டும் ஒரு மூடி போடு. நான் ஆள வெச்சுப் போட்டுத் தர்றேன்." லீவு முடிந்து அவன் சென்னை பஸ் பிடித்தான். நானும் அக்காவும் புத்தூர் பஸ்ஸில் ஏறினோம்.

வழியெல்லாம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். புத்தூரில் இறங்கி அடுத்த பஸ் மாற வேண்டும். இறங்கியதும் அவள் என் சட்டையை இழுத்தாள். எனக்குப் புரிந்தது. பெண்கள் கழிப்பறை வாசலில் போய் நின்றோம். நான் உள்ளே போக முடியாது. அவளைத் தனியாக அனுப்பினால் வேறு வாசல் வழியாகப் போய்விடுவாளோ, உள்ளேயே நின்றுவிடுவாளோ. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நானாகப் போய்ப் பேசியது என் வயதில் கிடையாது. ஒரு பெண் பையோடு வந்தார். நான் வழியில் போய் நின்றுவிட்டேன்.

"அம்மா, இது எங்க அக்கா. தலைக்கு ஒடம்பு சரியில்ல. கொஞ்சம் கூடப் போய்ட்டு வர்றீங்களா?"

இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் போயிருப்பார். அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்தப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு, வாசலில் போகிற வருகிற பெண்கள் முறைப்பதை வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். திரும்பி வரும்போது அக்கா அந்த அம்மாவிடம் புளி எப்படி வாங்க வேண்டும், எதில் கொட்டை அதிகம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நீ போவலியா?" என்றாள் என்னிடம்.

எனக்கும் போக வேண்டியிருந்தது. காலையிலிருந்து போகவில்லை. அவளை விட்டுவிட்டுப் போவது எப்படி என்று நினைத்துதான் அடக்கிக்கொண்டிருந்தேன்.

"போய்ட்டு வாங்கண்ணா, நான் நிக்கிறேன்," என்றார் அந்த அம்மா.

பாட்டிலை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். திரும்பி ஓடிவந்தபோது இரண்டு பேரும் அதே இடத்தில் நின்றிருந்தார்கள். அக்கா தலையைப் பின்னால் சாய்த்து, பாட்டிலை உயரத் தூக்கி, பஸ் ஸ்டாண்டு நடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். யாரும் கொடுக்காமல், யாரும் பஸ்ஸை நிறுத்தாமல். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்து குடித்தாளா, அல்லது அந்தப் பழைய கட்டுப்பாடும் இன்று மறந்துபோய்க் குடித்தாளா, எனக்குத் தெரியவில்லை. எங்கள் பஸ் ஹாரன் அடித்தது. அவள் குடித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.